தோளுக்குச் செய்தி போகவில்லை

கிடினியாவில் ஜனவரி.
நாலு மணிக்கே தெருவிளக்கு.
டிராலி பஸ்ஸில் நின்றபடி வந்தேன்.
என் வலது தோள், வழக்கம்போல,
காதிடம் ஏதோ சொல்ல ஏறி வந்து
சொல்லாமலே நிற்கிறது.

முப்பது வருஷம் கப்பல் தளத்தில் வெல்டிங்,
தலைக்கு மேல் பற்றவைக்கிற வேலை,
அதனால்தான் என்றேன் போக்னாவிடம்.
எழுதிக்கொண்டாள்.
பிறகு இடது தோளைப் பார்த்தாள்.
அதுவும் தூக்கித்தான் இருந்தது,
டார்ச்சே பிடிக்காத கை.

பல் டாக்டரும் கேட்டிருந்தார்:
ராத்திரியில் எதை அரைக்கிறீர்கள்?
பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்வது
எனக்குப் பேச்சுவழக்கு அல்ல, தேய்மானம்.

எட்டு வயதில்
சாவிச் சத்தம் படிக்கத் தெரியும் எனக்கு.
மூன்றாம் மாடி.
ஒரே குத்தில் துளையைக் கண்டுபிடித்தால்
அப்பாவுக்குச் சாதாரண இரவு.
உரசி உரசித் தேடினால்
நானும் லெஷெக்கும்
சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொள்வோம்.
கோடையிலும்.

தோளுக்கு மிஞ்சினால் தோழனாம்.
நான் மிஞ்சுவதற்குள் அவர் செத்துப்போனார்.
தோளுக்கு மட்டும்
அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

"இங்கே கை வைக்கட்டுமா?"
ஒவ்வொரு தடவையும் கேட்பாள் போக்னா.
நாலு வாரம் தலையாட்டினேன்.
கேள்விக்குப் பதில் உண்டு என்றே
தோன்றவில்லை எனக்கு.

இன்று அவள் குனிந்தபோது
கோட்டுப் பையில் சாவிக்கொத்து குலுங்கியது.
"வேண்டாம்."
யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன்.

கை எடுத்துவிட்டாள்.

அவ்வளவுதான்.
ஏன் என்று கேட்கவில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
ஜன்னலில் துறைமுகத்துக் கிரேன்களைப் பார்த்தாள்.
ரேடியேட்டர் முனகிக்கொண்டிருந்தது.
ஐம்பத்து மூன்று வயதில்
நான் சொன்ன ஒரு சொல்லைக்
கேட்டு விலகியது ஒரு கை.
அழுகை வரும் என்று நினைத்தேன்;
விக்கல் வந்தது.
தண்ணீர் கொடுத்தாள்.

சாவியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி வந்தாள்.
ரொம்ப நேரம் கழித்து
"இப்போ வைக்கலாம்" என்றேன்.
தோள் இறங்கியதா?
ஒரு விரல் அகலம் இருக்கலாம்.
அவள் அளக்கவில்லை, நானும்தான்.

வீட்டு வாசலில்
குளிரில் விரல் மரத்து
என் சாவி துளைக்குச் சிக்கவில்லை.
உரசியது. மறுபடியும் உரசியது.
அந்தச் சத்தத்தில் அப்படியே நின்றேன்,
இந்தப் பக்கத்திலிருந்து கேட்டபடி.

கதவு திறந்தது.
உள்ளே பூனை மட்டும்
சோம்பல் முறித்து எழுந்து வந்தது,
ஒரே சட்டையோடு.