தவணை நீட்டிப்பு

ஒரே ஒரு பிரதிதான் வந்தது.
பதினேழு நிறுத்தங்களுக்கும் அதுவே போய்வந்தது,
என் நூலக வண்டியின் இடப்பக்கத் தட்டில்,
பிரேக் போட்டால் முதலில் விழும் இடத்தில்.

கதை இதுதான்:
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, மார்ச்.
நில அளவையாளன் ஒருவன் பனிச்சறுக்குக் கட்டைகளோடு
ஏரியைக் கடக்கப் போனான்.
அக்கரையில் யாரும் அவனைப் பார்க்கவில்லை.
நாற்பது வருஷம் கழித்து
முழங்கால் வலிக்கும் துப்பறிவாளர் ஒருவர்
கோப்பைத் தூசி தட்டுகிறார்.

"ஹெல்சிங்கியில் உட்கார்ந்துகொண்டு எழுதியிருக்கிறான்"
என்றார் உர்போ, மர ஆலை நிறுத்தத்தில்.
"மார்ச்சில் நம் ஏரி உடையுமா?
லாரியே ஓட்டுவோம் அதன்மேல்.
ஆளை முக்கியே ஆகவேண்டுமென்றால்
மே மாதம் வரை பொறுத்திருக்கலாமே!"
திட்டிவிட்டு,
அதே ஆசிரியரின் அடுத்த புத்தகத்துக்குப் பேர் கொடுத்தார்.

ஸைமி அறுபதாம் பக்கத்திலேயே
ஆளைப் பிடித்துவிட்டாளாம்.
நான் இன்னும் படிக்கவில்லை, சொல்லிவிடாதே என்றேன்.
"தபால்காரன்தான்.
அந்த ஊரில் வேறு யாருக்கு
அத்தனை நல்ல கையுறை?"

பள்ளிக்கூட நிறுத்தத்தில் கணக்கு வாத்தியார்
காபிக் கோப்பைகளை எண்ணி வைத்திருந்தார்.
நூற்று நாற்பத்திரண்டு.
"அத்தனையும் குடித்தவர்
முப்பத்தோராம் அத்தியாயத்தில் குறட்டை விடுகிறார்.
கொலையை நம்பிவிடலாம், இதை எப்படி நம்புவது?"

வில்யோ ஒன்றும் சொல்லவில்லை.
ஓய்வுபெற்ற போலீஸ்காரர், பேச்சு குறைவு.
புத்தகம் திரும்பி வந்தபோது
போலீஸ் வரும் பக்கமெல்லாம் ஓரத்தில்
பென்சிலால் 'பொய்'.
கோழி கிண்டியதுபோல அவர் கையெழுத்து.
ரப்பர் வைத்து அழித்தேன், அது என் வேலை.
ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன்.
'இயன்ற வரை தேடினோம்' என்ற வரிக்குப் பக்கத்தில் இருந்ததை.
ஏன் விட்டேனென்று கேட்டால்
ரப்பர் தேய்ந்துபோயிருந்தது என்பேன்.

பிறகு ராகேல்.
தார் முடிந்து சரளை தொடங்கும் கடைசி நிறுத்தம்.
இரண்டு முறை தவணை நீட்டினாள்.
விதிப்படி அவ்வளவுதான் முடியும்.
மூன்றாவது வியாழன் கொண்டுவந்து வைத்தாள்.
"பிடித்ததா?"
எல்லாரிடமும் கேட்பது, வாய் தவறி வந்துவிட்டது.
ஈவெர்ட் விஷயம் இந்தப் பாதையில்
யாருக்குத்தான் தெரியாது.

வண்டிப் படியில் ஒரு கால், பனியில் ஒரு கால்.

"அந்த அம்மா வருகிறாளே,
போன மகனுக்கு ராத்திரிதோறும் தட்டு வைப்பவள்,
நாற்பது வருஷம்.
யார் வைப்பார்கள்?
நாங்கள் ஏழு பேர், தட்டு ஆறு.
கடைசியாக வருகிறவர் நின்று காத்திருப்பார்,
யாராவது எழுந்து கழுவித் தரும்வரை.
அண்ணன் போன மூன்றாம் நாள்
எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம்.
அம்மா கஞ்சி ஊற்றிக்கொண்டே வந்தாள்.
சரியாக இருந்தது.
கஞ்சி சூடாகவும் இருந்தது.
அதை ஒருத்தரும் எழுதுவதில்லை."

நான் அட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
ஏற்கெனவே துடைத்த அட்டை.

"இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் பென்சில் இருக்கிறது"
என்றாள்.
"தெரிந்த கைதான்.
எங்கள் வீட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்ட கை.
அதற்குமேல் நான் படிக்கவில்லை."

கிடைத்தானா இல்லையா என்று அவள் கேட்பாள்,
என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன்.
அவள் கேட்டது வேறு.

"மார்ச்சில் உடையாது என்று உர்போ சொன்னானாமே?"

"சொன்னார்."

"ஏரியைப் பற்றி அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்."

கையுறையை மாட்டிக்கொண்டு போனாள்.
இடது கையில் வலது கையுறை.
பாதி வழியில்தான் கவனித்து மாற்றினாள்.

வரிசையில் இன்னும் பதினோரு பேர்.
சரளையில் வண்டியைத் திருப்பும்போது
ஒரு முயல் குறுக்கே ஓடியது.
பிரேக் போட்டேன்.
எது விழுந்ததென்று
திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.