அடுத்தாள்

திருப்பத்தூர் தாண்டியதும் போன் வந்தது.
மதுரையில் நாலு கோல் வாங்கிய பஸ்
வாயைப் பிளந்து உறங்கிக்கொண்டிருந்தது.
முன்சீட்டில் அடைக்கலராஜ் சார்,
ஜன்னலில் நெற்றி.
கடைசி சீட்டில் நான்,
மடியில் ஐஸ் பெட்டி.

தாளாளர் சேவுகன்.
"பேசலாமா?"
"ம்."
"பக்கத்துல இருக்காரா?"
"முன்னால. தூங்குறார்."
"நல்லதாப் போச்சு.
நாளையிலேருந்து நீங்கதான் மேலாள்."

அவர் ஐயாவின் ஐயா
ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனவர்.
கடை போய், கப்பல் போய்,
சொற்கள் மட்டும் காரைக்குடி வந்து சேர்ந்தன.
கல்லூரியை அவற்றை வைத்துத்தான் நடத்துகிறார்.
பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள்.
மூணு வருசம் ஒரு கணக்கு.
கணக்கு முடிந்தால் பெட்டியைக் கட்டு.
கால்பந்துக்கும் ஒரு பேரேடு உண்டு:
ஜெயித்தால் வரவு, தோற்றால் பற்று.
டிராவை எந்தப் பக்கம் எழுதுவது என்று
ஒருமுறை என்னைக் கூப்பிட்டே கேட்டார்.

பெட்டிக்குள் ஐஸ் உருகிச்
சலசலத்துக்கொண்டு வந்தது.
குன்றக்குடி மலை விளக்குகள்
இடப்பக்கம் வந்து, பின்னால் போயின.
"சரிங்க சார்" என்று சொன்னது
என் வாய்தான்.

அடைக்கலராஜ் சாரின் பயோடேட்டாவை
ஐந்து முறை டைப் அடித்தவன் நான்.
மாவட்ட அணியில் ரைட் பேக், முட்டி போகும்வரை.
தேவகோட்டைப் பள்ளியில்
யாருடைய பிரசவ விடுப்புக்கோ ஆறு மாதம்.
திருமயத்தில் பி.இ.டி.
பரமக்குடி பாலிடெக்னிக்கில் அடுத்தாள்,
பிறகு மேலாள்,
பிறகு ஒன்றுமில்லை, பதினான்கு மாதம்.
(அந்தப் பதினான்கை
"சொந்தத் தொழில்" என்று அடிக்கச் சொன்னார்.
புதுவயலில் அரிசி மில்லில் எடை போட்டார்.)
பிறகு இங்கே.
மகள் கெத்சியாள்
நாலாம் வகுப்பை மூன்று பள்ளிகளில் படித்தது
அதில் வராது.

மறுநாள் காலை மைதானத்தில்
சாமான் அறைச் சாவியை நீட்டினார்.
செம்மண் ஒட்டிய சாவி.
"ஏழாம் நம்பருக்கு இடது கணுக்கால்.
டேப் ரெண்டு சுத்து கூடப் போடு,
வலிக்கலைன்னுதான் சொல்லுவான்."

வேறென்ன என்பதுபோல் நின்றேன்.
"உனக்கு எப்ப போன் வந்துச்சு?"
"இன்னைக்குக் காலையில சார்."
பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.
"பரமக்குடியில எனக்கு வந்தப்ப
நானும் காலையிலன்னுதான் சொன்னேன்."
டி.வி.எஸ்.ஸை உதைத்தார்.
மூன்றாவது உதைக்குத்தான் எடுத்தது.
அதுவரை இரண்டு பேரும்
அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்போது புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரி.
முப்பத்தொரு வயது மேலாளுக்கு
ஐம்பத்திரண்டு வயது அடுத்தாள்.
செப்டம்பரில் எங்களோடு ஆட வந்தார்கள்.
ஐஸ் பெட்டியை அவர்தான் தூக்கிவந்தார்.
ஏழாம் நம்பர் ஓடிப்போய்க்
கணுக்காலைக் காட்டிவிட்டு வந்தான்.
ஒன்றுக்கு ஒன்று.
சேவுகன் அன்றும் கேட்டார், எந்தப் பக்கம் என்று.

அதன்பின் ஐந்து பற்று, இரண்டு வரவு.
ஐந்தொகை போடத் தெரியாதவனுக்கும்
தெரிந்துவிடும் தொகை.

நேற்று திண்டுக்கல்லில் மூன்று கோல்.
திருப்பத்தூர் தாண்டியதும்
கடைசி சீட்டில் வெளிச்சம்.
என் அடுத்தாள் ரூபனின் போன்.
மச்சானாக இருக்கலாம்.
லோன் வேண்டுமா என்று கேட்கும்
எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம்.
"ம்" என்றான்.
கொஞ்சம் பொறுத்து, இன்னும் மெதுவாக,
"முன்னால" என்றான்.

ஜன்னலில் நெற்றியை வைத்துக்
கண்ணை மூடிக்கொண்டேன்.
கண்ணாடி நெற்றியில் கடகடவென்று அடித்தது,
குன்றக்குடி வரை, அதற்கப்புறமும்.
இப்படி வைத்துக்கொண்டு
யாராலும் உறங்க முடியாது.

அன்றைக்கு அவரும் உறங்கவில்லை.