கரகரப்புப் பெட்டி

களியக்காவிளையில் என் செல்போன் கடை
எட்டரைக்குப் பாதி ஷட்டர் இறங்கும்.
மீதிப் பாதிக்குள் குனிந்து வருவான் ரெஜிமோன்,
பாறசாலையிலிருந்து சைக்கிளில்,
விரல் இடுக்கில் ரப்பர்ப்பால் வாடை,
சட்டைப்பையில் பஞ்சில் பொதிந்த
இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்.

செத்த ரேடியோ ஏழைத் திறந்து
இருபத்தொன்று பிடுங்கியிருந்தான்.
ஒரு வாரம் அளந்தோம்.
பத்து ஊமை. ஆறு ஒழுகல்.
மூன்று, தொட்டால் ஒரு கணக்கு, விட்டால் ஒரு கணக்கு.
தேறியது இந்த ஜோடி:
எழுபது ஒன்று, நூற்றிருபது ஒன்று.
ஜாதகம் பார்க்கிறவர் இதைவிடச் சீக்கிரம் முடித்திருப்பார்.

முதல் ராத்திரி புகை.
இந்தச் சுற்றில் பேட்டரியின் பிளஸ் மண்ணுக்குப் போகவேண்டும்,
மைனஸ்தான் வேலைக்கு.
பதினொரு வருஷம் போன் திறந்த என் கை
பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டது.
கெபாசிட்டர் ஒன்று வீங்கி, அழுகல் முட்டையாக நாறியது.
டிரான்சிஸ்டர் பிழைத்துக்கொண்டது.
அவன் திட்டவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்,
திட்டைவிட நீளமாக.

ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்
பூசாத மாதிரியும் இருக்கணும் என்பார்களே,
இந்தக் கால்களைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.
மூன்று எண்ணுவதற்குள் இரும்பை எடுக்காவிட்டால்
உள்ளே வெந்துபோகும்.
நான் பற்றவைக்க,
அவன் குறட்டால் காலைப் பிடித்துச் சூட்டை வாங்கிக்கொள்ள,
"மதி" என்றான்.
எனக்கு அது நிலா, இல்லையென்றால் புத்தி.
அவனுக்குப் போதும்.
எடுத்துவிட்டேன்.

கூடு: அவன் பழைய அலுமினியச் சோற்று டப்பா.
அடியில் வழுக்காதிருக்க
அவன் காய்ச்சிய ரப்பர் ஷீட்டிலேயே நாலு வில்லை.
விலை போகாத தரம், என்று சிரித்தான்.

வியாழக்கிழமை பத்தே முக்காலுக்கு மிதித்தேன்.
குழித்துறை ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஏறும் லாரி,
ஆனால் சுருதியோடு.
மேசை டிராயரில் ஸ்க்ரூக்கள் எல்லாம் எழுந்து நின்றன.
எதிர்க்கடைப் பரோட்டாக்காரர் வந்து
கரண்டு அடிச்சிட்டுதா பிள்ளே, என்று கேட்டுவிட்டுப் போனார்.

கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினேன்.
பெட்டி ஓயவில்லை.
உள்ளே ஒருவர் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்:
மலையாளத்தில், மிளகு விலை.
கிட்டாரைக் கொஞ்சம் திருப்பினேன்.
தமிழில் ஒரு பெண்,
கடலுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு.
நடுவில் நிறுத்தினால் இருவரும் சேர்ந்து,
ஒருவரையொருவர் கேளாமல்.

அரிசிமணி அளவில் ஒரு கெபாசிட்டர் போதும்,
நுழைகிற இடத்தில் மண்ணுக்கு வைத்தால்
இரண்டு நிலையமும் அடங்கிவிடும்.
டப்பியிலிருந்து எடுத்தேன்.
வேண்டா, என்றான்.
ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கை எடுக்கும்போது
மிளகு விலை வந்தால் போதகருக்கு யார் பதில் சொல்வது?
உனக்குச் சபை, எனக்குப் புகைப்புரை, என்றான்.
அங்கே ஷீட்டுகள் காயும்வரை
தனியாக வாசிக்கிறவன் அவன்.
யாராவது பேசட்டுமே.

பெட்டி ஒன்று. வாரம் ஆளுக்கு ஒன்று.
அரை மணி நேரம் முறைத்துக்கொண்டோம்.
கடைசியில் ஒரு காலை நன்றாகப் பற்றவைத்தேன்,
மறுகாலைத் தொட்டும் தொடாமல்,
நகத்தால் நெம்பினால் வருகிற மாதிரி.

ஞாயிறு பதினொரு மணி, தகரக்கூரை, மாசி வெயில்.
இரண்டாம் அடியிலேயே பெட்டி தும்மியது,
இருமியது, செத்தது.
ஜெர்மானியத்துக்கு வெயில் ஆகாது,
படித்ததுதான், மறந்துவிட்டேன்.
மீதியை வெறும் கிட்டாரில் வாசித்தேன்.
இன்னைக்குத்தான் தெளிவா இருந்தது, என்றார்கள்.

திங்கள் சாயங்காலம் டப்பாவைக் கொண்டுபோனான்.
செவ்வாய் விடியுமுன் போன்.
பேசாமல் எதிலோ சாய்த்து வைத்தான்போல;
குளிரில் பெட்டி
ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு
விடவே மாட்டேன் என்றது.
அது தேய்ந்த பிறகு, அடியில்,
மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று.

காலைத் தூக்கிவிட்டாயா, என்றேன்.
வண்டி ஏறும்போதே, என்றான்.