நாலரை மணித் தண்ணி

நாலாவது தடவை வகுத்தால போனதும்
காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டேன்.
பால் கணக்கு எழுதுகிற அதே பென்சில்.

முத்துப்பேச்சிக்கு நைட் ஷிப்ட்.
மில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.
செல்லூரில் இந்த ஒற்றை அறையில்
நானும் நாலு வயசு ஓவியாவும்
ஒரு லிட்டர் தண்ணீரும்.

கொதிக்க வை, ஆற வை,
பாக்கெட்டை முழுசாகக் கொட்டு,
பாதிப் பாக்கெட்டு கால் சொம்பு என்கிற
உன் கைக்கணக்கெல்லாம் இங்கே ஆகாது
என்று சாயங்காலம் வையாத குறையாகச் சொன்னார்
மாநகராட்சி ஆஸ்பத்திரி நர்ஸம்மா செசிலி.
ஒரு ஸ்பூன். பொறு. இன்னொரு ஸ்பூன்.
கக்கினால் பத்து நிமிஷம் சும்மா இரு,
திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பி.

ஆரம்பித்தேன்.
ஏழாவது ஸ்பூனில் என் சட்டை நனைந்தது.
மறுபடி ஒன்று.

பக்கத்து வீட்டு இருளாண்டி எட்டிப் பார்த்து
மெடிக்கல்ல சொல்லி
நிப்பாட்டுற மாத்திரை வாங்கியாரவா என்றார்.
வேணாம்ணே,
திருடன் உள்ளே இருக்கும்போது
கதவை எதுக்குச் சாத்தணும்.
(இதுவும் செசிலி சொன்னதுதான்.)

டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கண் குழி விழுந்திருக்கா.
நாக்கு காய்ந்திருக்கா.
வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன்,
சட்டென்று சமமாயிற்று.
"ஏம்ப்பா கிள்ற" என்று அழுதாள்
கண்ணீரோடு.
யாரையும் அழவைத்துவிட்டு
இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ரத்தம் கலந்தால், மூத்திரம் நின்றால்
பெரியாஸ்பத்திரிக்கு ஓடு என்றிருந்தார்.
செருப்பைத் தெருவைப் பார்க்கத்
திருப்பிப் போட்டு வைத்திருந்தேன்.
மூணு மணிக்கு "ஒண்ணுக்கு" என்றாள்.
அந்தச் சத்தத்தை
சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

என் வேலையைச் சொல்லவில்லையே.
வாய்க்கால் ஓரத்து இரும்பு மூடியைத் தூக்கி
நீளச் சாவியை விட்டு இருபத்திரண்டு சுற்று.
எங்கள் தெருக்களுக்குத் தண்ணீர் திறக்கிறவன் நான்.
ஒருநாள் விட்டு ஒருநாள், காலை நாலரைக்கு.
செவ்வாய்க்கிழமை திறந்தபோது
மூக்கில் ஏதோ பட்டது.
சாக்கடை பக்கத்தில்தானே, அதுதான் என்று நினைத்தேன்.
நாற்பத்தேழு குடம் வரிசையில்.
அதில் ஒன்று எங்களுடையது.

இன்று வியாழன்.
இருளாண்டி வீட்டு அக்காவிடம்
தூங்கும் பிள்ளையையும் ஸ்பூனையும் ஒப்படைத்து
சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தொடுக்கா என்று சொல்லி
சாவியோடு போனேன்.
மூடியைத் தூக்கினேன். குனிந்தேன்.
அதே வாடை.
மூடிவிட்டேன்.

என்ஜினியர் போன் எடுக்கவில்லை.
குழாய் எங்கயோ ஒடஞ்சிருக்கு, இன்னிக்குத் தண்ணி கிடையாது,
பிடிச்சு வச்சதைக் கொதிக்க வச்சுக் குடிங்க
என்று வீடு வீடாகத் தட்டினேன்.
கிடைத்த வசவுகளை இங்கே எழுத முடியாது.
உன் கை விளங்குமா என்றது
அதில் மரியாதையான ஒன்று.

கடைசி வீட்டு ஜைத்தூன் மட்டும்
குடத்தைக் கீழே வைத்துவிட்டு
தாழ்ந்த குரலில் கேட்டாள்:
"எம் மவனுக்கும் ராத்திரியில இருந்து இதேதான்.
உங்க பிள்ளைக்கு எத்தன தடவண்ணே?"

சட்டைப் பையிலிருந்து
காலண்டர் தாளை எடுத்தேன்.
அவள் பென்சில் இருக்கா என்றாள்.