சரிவு

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
எங்கள் குடோன்.
டிரம்மை நிமிர்த்தி வைத்தால் நிற்கும்.
படுக்க வைத்தால் உருளும்,
மேற்குச் சுவரைப் பார்த்து.
முட்டுக்கொடுக்க ஆளுக்கொரு செங்கல் கையில்.

அந்தச் சுவரில் நீள்சதுரமாக
சுண்ணாம்பு மட்டும் கொஞ்சம் வெளுப்பு.
கீழே இடுப்புயர மேடை.
பலகையில் ஒரு சதுர ஓட்டை:
ஹார்பர் கூலிகள் நாடகம் போட்ட காலத்தில்
எமன் அது வழியாகத்தான் ஏறி வருவானாம்.
இப்போது எலிப்பொறி வைத்திருக்கிறோம்.

லோடு இறக்கும் தேசப்பன் சொன்னான்:
ஒரே படப்பெட்டி, இரண்டு கொட்டகை.
அங்கே ஓடி முடித்த ரீலை
சைக்கிளில் கட்டி அவன் அப்பா எடுத்து வருவார்.
ஒருநாள் ராத்திரி கேட் போட்டுவிட்டான்.
நிலக்கரி வண்டி, நாற்பத்தெட்டு வேகன்,
பாதியில் நின்றே போனது.

இங்கே வெறும் வெள்ளைத் திரை.
விசில். அப்புறம் பெஞ்சு உடையும் சத்தம்.
பெண்கள் பக்கமிருந்து
மீன் கூடை அமலோற்பவம் எழுந்து மேடையேறினாள்.
மேட்னி பார்த்தவள்.
மிச்சக் கதையை நடித்தே காட்டினாள்,
கொஞ்சம் மாற்றி:
அவள் கதையில் வில்லன் சாகவில்லை,
வாங்கிய வட்டியையெல்லாம்
வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தான்.

வேர்த்து விறுவிறுத்து ரீல் வந்தது.
"நிறுத்துய்யா மிஷினை,
அவ முடிக்கட்டும்."

நேற்று பாமாயில் டிரம் ஒன்று
செங்கலுக்குத் தப்பி ஓடி
மேடையில் முட்டி நின்றது.
நானும் தேசப்பனும் தள்ளினோம்,
தரை டிக்கெட்டிலிருந்து பெஞ்சுக்கு,
பெஞ்சிலிருந்து சேருக்கு.

மூச்சு வாங்கியது.