பசை

மூவாயிரம் ஏக்கர் கோதுமை எங்களுக்கு.
அதில் ஒரு மணிகூட
இந்த வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது.

சாஸ்கடூன் மருத்துவமனையில்
ஸ்டெஃபாவின் குடலைத் திரையில் காட்டினார்கள்.
"பயிர்போல் நிமிர்ந்து நிற்க வேண்டியவை இவை."
ஆலங்கட்டி அடித்த மறுநாள்
வயல் எப்படிப் படுத்துக் கிடக்குமோ
அப்படிக் கிடந்தது உள்ளே.
விவசாயி அவள், இன்னொரு விளக்கம் தேவைப்படவில்லை.
"இதற்குக் காப்பீடு உண்டா?" என்று மட்டும் கேட்டாள்.
மருத்துவருக்குப் புரியவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது.
காரில் ஏறியதும் நின்றுவிட்டது.

பழைய டோஸ்டரை அவள் தம்பி எடுத்துப் போனான்.
மரக்கரண்டிகளைக் கணப்பில் போட்டேன்.
சல்லடையின் கண்களுக்குள்
இருபது வருடத்து மாவு ஒளிந்திருந்தது,
அதுவும் போயிற்று.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்தவன் நான்.
முட்டை அவிக்கத் தெரியும்.
ஆகவே பத்தியச் சமையல் என் தலையில்.

ஆகஸ்ட் வந்தது, கூடவே சுக்கினி.
ஐடா ஃப்ரீசன் நட்டது நாலே செடி,
மாவட்டத்துக்கே காணும்.
டிரக்கின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்
கடைக்குள் போய் வந்தால் போதும்,
ஓட்டுநர் இருக்கையில் ஒன்று உட்கார்ந்திருக்கும்,
பெல்ட் போடாத குறையாக.

முதல் ரொட்டி
அரிசி மாவும் உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சும்.
துருவிய சுக்கினியை அப்படியே கொட்டினேன்.
எழும்பியது, எழும்பியது,
ஓவன் கதவைத் திறந்ததும்
அவமானப்பட்டவன்போல் நடுவில் உட்கார்ந்துவிட்டது.
அடியில் களி, மேலே மணல்.
ஸ்டெஃபா ஒரு துண்டை மென்று விழுங்கி
"கொட்டகைக் கதவிடுக்கில் காற்று வருகிறதே,
அங்கே திணிக்கலாம்" என்றாள்.

குளூட்டன் என்பது பசை.
இருக்கும்வரை இருப்பதே தெரியாது.
மாவை மாவோடு பிடித்துவைத்து
காற்றுக்குச் சின்னச் சின்ன அறை கட்டித் தரும்.
இந்தப் பக்கத்தில் பசையுள்ள ஆள் என்றால்
கோதுமை விற்றவன்தான்.
எங்கள் கடன் அடைந்தது அந்தப் பசையில்,
மகன் படித்தது அதில்,
நான் திட்டிக்கொண்டு நிற்கும் இந்த ஓவனும்கூட.

பிறகு ஒவ்வொன்றாகப் பிடிபட்டது.
துருவலில் உப்பிட்டு இருபது நிமிடம் விட வேண்டும்.
துண்டில் கட்டித் தோள் வலிக்க முறுக்கினால்
ஒரு கோப்பை பச்சைத் தண்ணீர்,
நிஜமாகவே பச்சை.
இசப்கோல் உமி வெந்நீரில் ஊறிக் கூழாகும்,
கெட்ட பெயர் இல்லாத பசை அது.
பக்வீட் மாவு வாங்கினேன்.
பெயரில்தான் கோதுமை, உள்ளே துளியும் இல்லை.
மூன்று முறை பொட்டலத்தைப் படித்தேன்
பேருந்துக்கடியில் குழந்தை யாரும் உண்டா என்று
குனிந்து பார்ப்பதுபோல.
ஸ்டெஃபா மோந்து பார்த்து
"இது எங்கள் ஹ்ரெச்கா அல்லவா" என்றாள்.
பல வாரங்களில் முதல்முறையாக
சமையலறையில் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

ஏழாவது ரொட்டி ஏறக்குறைய நின்றது.

செப்டம்பர், இரவு பதினொன்று.
கம்பைனிலிருந்து இறங்கி வருகிறாள்.
முகமூடியை அவிழ்த்து, தலைத்துண்டை உதறி,
மேலங்கியைக் கழற்றித் தூர எறிந்து
கேனிலிருந்து நான் ஊற்ற ஊற்ற
முழங்கைவரை கழுவுகிறாள்,
அறுவைக்குப் போகிற டாக்டர்போல,
குளிரில் பல் கிட்டிக்க.
அவளுக்குப் பின்னால்
யார் யாருடைய காலை உணவோ
லாரிக்குள் கொட்டிக்கொண்டிருக்கிறது.

காகிதத்தைப் பிரிக்கிறேன்.
ஈரமான துண்டு, இடையே பச்சை இழைகள்.
இரண்டாக வளைத்துப் பார்க்கிறாள்.
உடையவில்லை.

"எட்டாவதா?"
"ஒன்பது."
"எட்டு எங்கே?"
"கொட்டகைக் கதவில்."

காகிதத்தில் விழுந்த துணுக்கை
விரல் நுனியால் ஒற்றி எடுத்து நாவில் வைத்தாள்.
பிறகு முகமூடியை மாட்டிக்கொண்டு
கோதுமை அறுக்கப் போனாள்.