ஈரக் காகிதத்துக்கு விலை இல்லை

மொண்டேவீடியோ துறைமுகம் தெரிகிற தெருவில்
பன்னிரண்டு மாடி காப்பீட்டுக் கம்பெனி.
நான் அதன் நிலவறையில்.
ஒரு தராசு, ஒரு தார்ப்பாய், ஒரு ஜோடி கையுறை,
கதவில் சாக்கட்டியால் என் பெயர்:
சூல்மா பெரெய்ரா.

முன்பு குதிரை வண்டியோடு வந்து
இதே வாசலில் இதே குப்பையைக்
காவலாளி விரட்ட விரட்டப் பொறுக்கினேன்.
இப்போது அவன் காலை வணக்கம் சொல்கிறான்.
குப்பை மாறவில்லை.

ஏழாம் மாடிப் பையை அவிழ்த்தால்
முதலில் எழும்புவது வாசனை.
பிறகு பச்சைப் பசேலென்று மாத்தே இலைச் சக்கை.
இந்த ஊரில் அது இல்லாமல் ஒருவருக்கும் பொழுது விடியாது;
வெந்நீர்க் குடுவையை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான்
லிஃப்டில் ஏறுவார்கள்.
குடித்து முடித்ததை
மேசைக்கடியில் தட்டுவார்கள்.
அதன் கீழே
நேற்று அச்சடித்த நூற்று நாற்பது தாள்,
ஒரு பக்கம் எழுத்து,
மறுபக்கம் வெள்ளை வெளேரென்று
எதற்கும் ஆகாமல் ஊறிக்கொண்டு.

காய்ந்த தாளைக் கூட்டுறவு ஆலை வாங்கும்.
வால்தெமார் மூட்டைக்குள் கை விடுவான்,
விரலைத் தேய்த்துப் பார்ப்பான்,
உதட்டைப் பிதுக்குவான்.
அந்த உதடுதான் எங்கள் சந்தை நிலவரம்.

மேலே ஒரு குழு அமைத்தார்கள்.
குழு நான்கு முறை கூடியது.
அந்த நான்கு நாளில் சாண்ட்விச் பெட்டி அறுபது,
என் நோட்டில் இருக்கிறது.
பிறகு மாடிக்கு மாடி சுவரொட்டி,
'பூமியைக் காப்போம்',
பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டு.
அதுவும் ஒருநாள் என்னிடம்தான் இறங்கும்.
எதில் சேர்ப்பது என்று
இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஏழாம் மாடியிலிருந்து ஒரு கடிதம்.
படிக்கக் கூடாது என்பது விதி.
கை பிரிப்பதற்குள் கண் படித்துவிடுகிறது.
'பணியிலிருந்து விலகுகிறேன்' என்று தொடங்கி
இரண்டு பக்கம்.
புதனன்று அதே கடிதம், ஒரு பக்கம்.
வியாழன், நான்கு வரி.
வெள்ளி,
தேதியும் 'மதிப்புக்குரிய' என்ற சொல்லும் மட்டும்,
மீதி இடமெல்லாம் சக்கை அப்பி.
வகை: கலப்புத் தாள், ஈரம்.
விலை: இல்லை.
அப்படித்தான் எழுதினேன்.
வேறு கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது.

திங்களன்று நானே மேலே போனேன்.
கையில் மூடி போட்ட வாளி.
ஆலிவ் காய் வந்த வாளி,
எத்தனை கழுவியும் உப்பு வாசனை விடாதது.
லிஃப்டில் எல்லோரும் ஒதுங்கி
வாளிக்கு இடம் விட்டார்கள்,
எனக்கும் சேர்த்து.
ஒரு பேச்சு தயார் பண்ணி வைத்திருந்தேன்.
ஏழாம் மாடியில் அத்தனை முகமும் திரும்பியதும்
'சக்கை இங்கே' என்று மட்டும் வந்தது.
ஜன்னலோரம் வைத்துவிட்டு
படி வழியாகவே இறங்கி வந்தேன்.

பாதிப்பேர் மறந்தார்கள்.
மீதிப்பேர் எழுந்து போனார்கள்.
வாளி ஜன்னலோரம் இருந்ததால்
தட்டும் நேரத்துக்குக்
கப்பலையும் பார்த்தார்கள் போல.

மூன்றாம் வாரம் மூட்டை சலசலத்தது.
காய்ந்த தாளுக்கு மட்டுமே உள்ள சத்தம்.
வால்தெமார் கை விட்டான்,
விரலைத் தேய்த்தான்.
உதடு அசையவில்லை.

கடிதம் அதற்குப் பிறகு வரவில்லை.
போனாரா, இருக்கிறாரா, தெரியாது.
ஆனால் ஏழாம் மாடித் தாள் ஒன்றின் மறுபக்கத்தில்
பென்சிலால் ஒரு சரக்குக் கப்பல்,
கொடி கூடச் சரியாக.
அதை மூட்டையில் போடவில்லை.

அன்றைய கணக்கில் ஐந்து கிராம் குறையும்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.